பெட்டியைத் திறந்ததும்

மார்ச் 4

அன்புள்ள அண்ணாவுக்கு,

எலி எழுதிக்கொள்வது. இங்கே உன் மாப்பிள்ளை, உன் மருமகள், நான் மூவரும் கைகால் சுகத்தோடு இருக்கிறோம். மழைக்காலத்தில் உன்னைப் படுக்கையில் போட்ட அந்த ஜுரம் முழுசாக விட்டதா? போன் பண்ணினால் "தட்டு அடுப்புல இருக்கு, அப்புறம் பேசறேன்" என்று வைத்துவிடுகிறாய். அந்த அப்புறம் வரவே வராது. அதனால்தான் கடிதம்.

இவருடைய பிறந்தநாளுக்கு நீ பஸ் பார்சலில் அனுப்பிய சாக்லேட் பஃப்ஸ் உடையாமல் வந்தது. ஆபீசிலிருந்து வந்தவர்கள் ஆளுக்கு இரண்டாகத் தின்றுவிட்டு, உதிர்ந்த பொறுக்கைக்கூட விரலால் ஒற்றி எடுத்தார்கள். சந்தோஷம்தான். ஆனால் ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. அது யார் கை?

உன் கை இல்லை. உன் இடது கட்டைவிரலுக்கு எப்போதும் பலம் அதிகம். நீ சுருட்டி ஓரத்தை அழுத்தினால் ஒரு பக்கம் சப்பையாகத்தான் இருக்கும். அண்ணி இருந்தவரை அதைச் சொல்லியே உன்னைக் கேலி பண்ணுவார். இந்தத் தடவை வந்தவை எல்லாம் அளவெடுத்து வெட்டியது மாதிரி ஒரே நீளம், ஒரே பருமன். மேலே தூவுகிற உப்பும் கொஞ்சம் தூக்கல். அப்பா கடையில் பிறந்து வளர்ந்தவள் நான். சாக்லேட் டின்னிலிருந்து திருடித் திருடித் தின்றே எலி என்று பெயர் வாங்கியவள். என்னிடம் காதில் பூ சுற்ற முடியாது.

உன் கடைக்கு எதிர்வீட்டில் இருக்கிற என் சின்ன மாமியார் போன வாரம் இங்கே வந்திருந்தார். உன் அடுப்பறையில் ஒரு பொம்பளை நிற்கிறாளாமே? ஒரு வார்த்தை சொல்லவில்லையே நீ.

உடம்பைப் பார்த்துக்கொள். உடனே பதில் போடு.

எலி


மார்ச் 27

அன்புள்ள எலிக்கு,

அண்ணன். ஜுரம் எப்போதோ போய்விட்டது. இருமல் இல்லை, களைப்பு இல்லை, முன்பைவிட அதிகமாகச் சாப்பிடுகிறேன். மாப்பிள்ளைக்கு முழங்கால் வலி எப்படி இருக்கிறது?

அடுப்பறையில் பொம்பளை என்று நீ எழுதியதைப் படித்தால் யாரோ சினிமா நடிகையைக் கொண்டுவந்து வைத்துவிட்டேன் போலிருக்கிறது. பக்கத்துக் கடைத் தையல்காரம்மா. நீயே இரண்டு தடவை அவளிடம் ரவிக்கை தைத்திருக்கிறாய். இப்போது யார் துணி எடுத்துத் தைக்கிறார்கள்? கடையை மூடிவிட்டாள். எனக்கும் விசேஷ ஆர்டர்கள் அதிகம். வந்து உதவி பண்ணு என்றேன், வந்தாள். தையல் நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டேதான் மாவு வெட்டுகிறாள், சொன்னால் கேட்கமாட்டாள். ஒரே நீளமாக வந்த ரகசியம் அதுதான். வெண்ணெய் வைத்து மடிப்பது, தேய்ப்பது எல்லாம் இன்னமும் நான்தான்.

உப்பைக் குறைத்துக்கொள்கிறேன்.

இவ்வளவு எழுதினாயே, பெட்டியைத் திறந்ததும் வாசனை எப்படி இருந்தது என்று எழுதவில்லை. அதை எழுது.

மருமகளுக்கு என் ஆசி.

அண்ணன்


ஏப்ரல் 19

அன்புள்ள அண்ணாவுக்கு,

நாங்கள் எல்லோரும் சௌக்கியம். முழங்கால் வலி இருக்கிறது, ஆனால் ஓரகத்தி வீட்டுக்கு சீட்டாடப் போகும்போது மட்டும் இருக்காது.

நீ பூசி மெழுகி எழுதிய கடிதம் வந்தது. நீ சொன்னதை அப்படியே நம்பலாம் என்றுதான் இருந்தேன். அதற்குள் சின்ன மாமியாரிடமிருந்து ஒரு கடிதம். தெருவில் ஒரு பூனை குட்டி போட்டாலும் அவருக்கு மூக்கில் வேர்த்துவிடும் என்பது உனக்குத் தெரியும்.

அடுப்பறைச் சுவரில் கடிகாரம் மாட்டியிருக்கிறாயாம். நம் அடுப்பறையில் கடிகாரமா? அப்பா கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "அடுப்புக்கு மணி தெரியாது, மூக்குக்குத்தான் தெரியும்" என்று சொல்லிச் சொல்லித்தானே நம்மை வளர்த்தார். முதலில் ஈர மாவு வாசனை, பிறகு வெண்ணெய், பிறகு வறுத்த கடலை. கடலை வாசனை வந்தால் அடுப்புக் கதவைத் திற. எனக்குச் சமையலே வராத வயதில் இது மனப்பாடம். ஜலதோஷம் பிடித்தவன் அடுப்பறைப் பக்கமே வரக்கூடாது என்று ஒரு நல்ல ஆளையே வேலையை விட்டு அனுப்பினாரே, ஞாபகம் இருக்கிறதா? அந்த வீட்டுப் பிள்ளை நீ. கடிகாரத்தைப் பார்த்தா தட்டு எடுக்கிறாய்? அல்லது உன் தையல்காரம்மா எடுக்கிறாளா?

இன்னொன்று. தட்டு வெளியே வந்ததும் முதல் பஃப்ஸை அவள்தான் தின்கிறாளாம். ஒவ்வொரு தட்டிலும். நீ கையைக் கட்டிக்கொண்டு அவள் வாயையே பார்த்துக்கொண்டு நிற்கிறாயாம். அவள் தலையை ஆட்டினால்தான் தட்டு கடைக்கு வருமாம். எதிர்வீட்டு ஜன்னலிலிருந்து எல்லாம் தெரிகிறது அண்ணா.

நான் கண்டதையும் கற்பனை பண்ணுகிறவள் இல்லை. ஆனால் கடை அப்பா போட்டது. நீ தனி ஆள். உனக்குப் பின்னால் கடை யாருக்கு என்று கணக்குப் போடுகிறவர்கள் ஊரில் இருப்பார்கள்.

விவரமாகப் பதில் எழுது.

எலி


ஜூன் 2

அன்புள்ள எலிக்கு,

சுகமாக இருக்கிறேன். பதில் தாமதமானதற்கு ஆர்டர்கள்தான் காரணம்.

கடிகாரம் ஒரு வாடிக்கையாளர் கொடுத்தது. மாட்டாமல் இருந்தால் வருத்தப்படுவார். முதல் பஃப்ஸ் விஷயம், ருசி பார்க்கிறாள், அவ்வளவுதான். உன் சின்ன மாமியாருக்கு ஜன்னலில் ஒரு திரை வாங்கி அனுப்பட்டுமா?

உன் சிநேகிதி வேலையிலிருந்து ஓய்வு பெறுகிறாள் என்று போனில் சொன்னாயே, அந்த விருந்துக்கு ஒரு பெட்டி அனுப்பியிருக்கிறேன். உப்பு சரியாக இருக்கும். பெட்டியைத் திறந்ததும் என்ன வாசனை வந்தது என்று மறக்காமல் எழுது. போன தடவையே கேட்டேன்.

அண்ணன்


ஜூன் 25

அன்புள்ள அண்ணாவுக்கு,

முதலில் நல்ல சேதி. உன் மருமகளுக்குக் கல்யாணம் முடிவாகிவிட்டது. பையனுக்குத் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. ஆள் அமைதி, அவன் அம்மா அமைதியே இல்லை. ஆகஸ்டில் நிச்சயம், நவம்பரில் கல்யாணம். தாய்மாமன் நீ முன்னால் நிற்கவேண்டும். இரண்டுக்கும் சாக்லேட் பஃப்ஸ் நம் கடையிலிருந்துதான். சம்பந்தியம்மாவிடம் பெருமையாகச் சொல்லிவிட்டேன். "எங்க அண்ணன் கை பட்டா கல்லும் கரையும்" என்றேன். அவர் "பார்ப்போம்" என்றார். அந்த "பார்ப்போம்" எனக்குப் பிடிக்கவில்லை.

பெட்டி வந்தது, எல்லோரும் சாப்பிட்டார்கள், நன்றாக இருந்தது என்றார்கள். இப்படிப் பாராட்டுக்கு ஏங்குகிற ஆள் இல்லையே நீ?

இனி விஷயத்துக்கு வருகிறேன். கடைச் சாவி யாரிடம் இருக்கிறது?

நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும். காலையில் அவள் வந்து பூட்டைத் திறக்கிறாள். உள்ளே போய் ஜன்னல்களை எல்லாம் திறக்கிறாள். அதுவரை நீ தெருவில், சொந்தக் கடைக்கு முன்னால், கடன் கேட்க வந்தவன் மாதிரி நிற்கிறாய். அவள் உள்ளேயிருந்து "வரலாம்" என்று குரல் கொடுத்த பிறகுதான் படியேறுகிறாய். சின்ன மாமியார் எழுதிய இதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. என் அண்ணன் யாருடைய அனுமதிக்கும் நின்றவன் இல்லை. அவள் உன்னை எதை வைத்து மிரட்டுகிறாள்? அல்லது மிரட்டவே தேவையில்லாமல் தலையில் மிளகாய் அரைக்கிறாளா?

நான் முடிவாகச் சொல்கிறேன். என் பெண்ணின் நிச்சயத்துக்கு வருகிற பஃப்ஸில் அந்தக் கத்திரிக்கோல்காரியின் விரல் படக்கூடாது. சாவியைத் திருப்பி வாங்கு. மாவு பிசைவதிலிருந்து பெட்டி கட்டுவது வரை நீ ஒருவனே பண்ணு. இன்னொன்று, கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டார் கடையைப் பார்க்க வரலாம். அடுப்பறை அலமாரிகள் அழுக்கேறிக் கிடக்கின்றன. நல்ல பெயிண்ட் அடித்து வை.

உடம்பு பத்திரம்.

எலி


ஜூலை 14

தையல்காரம்மா அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் உங்களைச் சேர்ந்தவர்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் உங்கள் பக்கத்துக் கடைக்காரரின் தங்கை. என் ரவிக்கைகளை நீங்கள் நன்றாகத்தான் தைத்துக் கொடுத்தீர்கள், அதில் குறை இல்லை.

என் அண்ணன் தனிக்கட்டை. இளகின மனசு. அவரிடமிருந்து எனக்குப் பதில் வரவில்லை, அதனால் உங்களிடமே சொல்கிறேன். கடைச் சாவி எங்கள் குடும்பத்துக்கு வெளியே போனதில்லை. உங்களுக்கு மானம் மரியாதை முக்கியம் என்றால், அவர் கேட்கும் வரை காத்திருக்காமல் நீங்களே கொடுத்துவிட்டு விலகிக்கொள்வது நல்லது. இந்தக் கடிதத்தை நீங்கள் அவரிடம் காட்டலாம், எனக்குப் பயமில்லை.

இப்படிக்கு,
கடைக்காரரின் தங்கை


ஆகஸ்ட் 9

அன்புள்ள எலிக்கு,

உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்கள் எல்லோரும் கல்யாண வேலையில் சாப்பிட மறந்துவிடாதீர்கள்.

சாவி என்னிடம் இருக்கிறது. நான் கேட்கவில்லை. ஒரு காலையில் வந்தாள், ஜன்னல்களைத் திறந்தாள், சாவியைக் கல்லாவில் வைத்தாள், நாடாவைச் சுருட்டிப் பைக்குள் போட்டாள். "அடுப்பைப் பத்த வைக்கறதுக்கு முன்னாடி குழாயைக் கையால தடவிப் பாருங்க" என்று மட்டும் சொன்னாள். காரணம் கேட்டேன், சொல்லவில்லை. நீ ஏதாவது எழுதினாயா?

அலமாரிகளுக்குப் பெயிண்ட் அடித்தாயிற்று. பளபளவென்று இருக்கிறது. வெண்ணெய், சாக்லேட் எல்லாம் அதில்தான் அடுக்கியிருக்கிறேன்.

நிச்சயத்துக்கான பஃப்ஸை நான் ஒருவனே செய்தேன். ஒவ்வொரு மடிப்புக்கும் மாவை ஆறவிட்டு, அவசரப்படாமல் செய்தேன். நிறம் அப்படி வந்திருக்கிறது, நானே அசந்துபோனேன். இடது ஓரம் சப்பையாக இருக்கும், பார்த்துக்கொள். அது அண்ணன் கை.

பெட்டியை வேறு யாரும் திறக்க வேண்டாம். நீ திற. முதலில் மூக்கை வை. பிறகு எனக்கு எழுது.

ஆர்டர் ஒன்று கழுத்தைப் பிடிக்கிறது, நிச்சயத்துக்கு வர முடியாது. கல்யாணத்துக்கு முன்னதாகவே வந்துவிடுகிறேன்.

அண்ணன்


ஆகஸ்ட் 16

அண்ணாவுக்கு,

சௌக்கியமா என்று கேட்கிற மனநிலையில் நான் இல்லை. உன் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, நீ எடுக்கவில்லை.

நிச்சயம் முடிந்தது. எப்படி முடிந்தது என்று கேள். பெட்டியைத் திறக்க எனக்கு எங்கே நேரம்? பக்கத்து வீட்டுப் பெண்கள்தான் பிரித்துத் தட்டில் அடுக்கினார்கள். ஏதோ வாடை வந்ததாம், புதுப் பெட்டியின் வாடை என்று விட்டுவிட்டார்களாம். தட்டைப் பார்த்ததும் எனக்குப் பெருமை தாங்கவில்லை. தங்கம் மாதிரி நிறம். சப்பை ஓரத்தைப் பார்த்து, இது எங்கள் அண்ணன்தான் என்று நானே எல்லோருக்கும் எடுத்துக் கொடுத்தேன்.

சம்பந்தி ஒரு கடி கடித்தார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை. கண்ணில் தண்ணீர். சம்பந்தியம்மா கைக்குட்டையை வாயருகே கொண்டுபோய், மடித்து, பைக்குள் வைத்தார். பிறகு சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "வீட்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிச்சிருக்கீங்களா?" என்று கேட்டார். இல்லையே என்றேன். அப்புறம்தான் நான் ஒன்றை எடுத்துப் பிட்டேன்.

டர்பண்டைன், அண்ணா. மாவில் டர்பண்டைன், சாக்லேட்டில் டர்பண்டைன், ஒவ்வொரு மடிப்பிலும் டர்பண்டைன். உன் மருமகள் உள்ளறைக்குப் போய் அழுதாள்.

இது அவள் வேலை. நீ வேறு எதையும் சொல்லாதே. சாவியைக் கொடுப்பதற்கு முன்னால் இன்னொரு சாவி செய்து வைத்திருப்பாள். பெயிண்ட் அடித்த சாக்கில் உள்ளே நுழைந்து வெண்ணெயில் கலந்திருப்பாள். விலகச் சொன்ன கோபத்தில் என் பெண்ணின் விசேஷத்தைக் கெடுத்துவிட்டாள். போலீசில் சொல்லு. சொல்லமாட்டாய் என்றால் நான் சொல்கிறேன்.

ஒன்று மட்டும் எனக்குப் புரியவில்லை. அவள் எதைக் கலந்திருந்தாலும், தட்டு வெளியே வந்ததும் குனிந்து முகர்ந்து பார்க்காமல் நீ ஒரு பஃப்ஸையும் விற்றவன் இல்லையே. இதை எப்படி அனுப்பினாய்?

எலி


ஆகஸ்ட் 30

அன்புள்ள எலிக்கு,

முகர்ந்தேன். குனிந்து, கண்ணை மூடிக்கொண்டு, அப்பா மாதிரியே முகர்ந்தேன். ஒன்றும் தெரியவில்லை. அந்த ஜுரத்துக்குப் பிறகு எனக்கு எந்த வாசனையும் தெரிவதில்லை எலி. டாக்டரைப் பார்த்தேன். வந்தாலும் வரும், வராமலும் போகும் என்கிறார். நாக்குக்கு உப்பும் இனிப்பும் மட்டும் எட்டுகின்றன. அதனால்தான் உப்புக் கூடிப்போனது.

யாரும் எதையும் கலக்கவில்லை. புதுப் பெயிண்ட் அடித்த அலமாரியில் வெண்ணெயைத் திறந்து வைத்தவன் நான். வெண்ணெய் பக்கத்தில் இருக்கிற வாடையை எல்லாம் இழுத்துக்கொள்ளும் என்று கடையில் வளர்ந்த எலிக்குத் தெரியாதா? எனக்கும் தெரியும். ஆனால் வாடையே இல்லாத அறையில் அது ஞாபகத்துக்கு வரவில்லை.

ஜுரம் விட்டுக் கடை திறந்த புதிதில் ஒரு காலை, கேஸ் குழாய் சரியாக மூடாமல் இருந்திருக்கிறது. அறை முழுக்க கேஸ். நான் நிம்மதியாக நின்றுகொண்டு தீப்பெட்டியைத் திறக்கிறேன். பக்கத்துக் கடையிலிருந்து அவள் ஓடிவந்து என் கையில் ஓங்கி அடித்தாள். குச்சிகள் தரையெல்லாம் சிதறின. "உங்களுக்கு மூக்கு இருக்கா இல்லையா?" என்று கத்தினாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கே புரிந்துவிட்டது. அன்றிலிருந்துதான் சாவி அவளிடம். அவள் முதலில் போய், முகர்ந்து பார்த்து, ஜன்னலைத் திறந்த பிறகு நான் உள்ளே போவேன். தட்டு எடுக்கிற நேரம் தெரியாததால் கடிகாரம். கெட்டுப்போன வெண்ணெயா, கருகின சாக்லேட்டா என்று எனக்குத் தெரியாததால் முதல் பஃப்ஸ் அவளுக்கு. யாரிடமும் சொல்லாதே என்று கெஞ்சினேன். அவள் சொல்லவில்லை. நீ அவளைப் பற்றி எழுதியதை எல்லாம் படித்தும் நானும் சொல்லவில்லை.

உன்னிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அப்பா வேலையை விட்டு அனுப்பிய அந்த ஆளின் முகம்தான் கண்ணில் வந்தது.

கடையைச் சாத்திவிட்டேன். கல்யாணத்துக்கு வேறு இடத்தில் சொல்லிவிடு. சம்பந்தியிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல். மருமகள் முகத்தில் எப்படி விழிப்பேன் என்று தெரியவில்லை.

அண்ணன்


செப்டம்பர் 5

அன்புள்ள அக்காவுக்கு,

உங்கள் உடம்பு எப்படி இருக்கிறது என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. போன தடவை நான் எழுதியதற்கு நீங்கள் பதில் போடவில்லை. நான் உங்கள் இடத்தில் இருந்திருந்தால் நேரில் வந்து நாலு வார்த்தை கேட்டிருப்பேன்.

அண்ணன் எல்லாவற்றையும் எழுதிவிட்டார். படித்துவிட்டு அடுப்படியில் உட்கார்ந்து அழுதேன். நீங்கள் தட்டிவிட்ட தீப்பெட்டியால்தான் எனக்கு இன்று அண்ணன் இருக்கிறார். அந்தக் கைக்கு நான் எழுதியது என்ன?

கடையைச் சாத்திவிட்டாராம். அடுப்பு இல்லாமல் அவர் உருப்படியாக இருக்கமாட்டார். இது உங்களுக்கும் தெரியும். என்னை மன்னிக்க வேண்டாம். அவருக்காக மட்டும் திரும்பிப் போங்கள். சாவி உங்களிடமே இருக்கட்டும். என்ன நிபந்தனை போட்டாலும் சரி.

உங்கள் தங்கை


செப்டம்பர் 22

கடைக்காரரின் தங்கைக்கு,

நான் நன்றாக இருக்கிறேன். அக்கா என்பதெல்லாம் அப்புறம் பார்க்கலாம். உங்கள் ரவிக்கையின் கைச்சுற்றளவு இன்னும் ஞாபகம் இருக்கிறது, அதுவே போதும்.

உங்கள் கடிதம் வந்த மறுநாள் போனேன். உங்களுக்காகப் போகவில்லை. கடைச் சுவரும் நான் குடியிருக்கிற என் பழைய கடைச் சுவரும் ஒன்று, அவர் அந்தப் பக்கம் சும்மா உட்கார்ந்திருப்பது எனக்கு இந்தப் பக்கம் கேட்கிறது. முதலில் கதவைத் திறக்கவில்லை. "இனிமே எனக்கு எதுக்கு அடுப்பு?" என்றார். "எனக்கு வேணும், எனக்குத் தையலும் இல்ல, இதுவும் இல்லைன்னா நான் எங்க போறது?" என்று கேட்டேன். திறந்தார். ஆள் இளைத்திருந்தார். பெயிண்ட் அடித்த அலமாரிகளைக் கழற்றித் தெருவில் போட்டேன். உங்கள் சின்ன மாமியார் ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தார், கையசைத்தேன்.

உங்கள் முதல் கடிதத்தை அவரிடம் காட்டவில்லை. காட்டப்போவதும் இல்லை. சொல்வதா வேண்டாமா என்பது உங்கள் பாடு.

நிபந்தனை கேட்டீர்கள். ஒன்றுதான். நான் ருசி பார்த்து "நல்லா இருக்கு" என்று சொன்னால் அவர் பாதிதான் நம்புகிறார். மனசு கஷ்டப்படக்கூடாதென்று பொய் சொல்கிறேனோ என்று சந்தேகம். அவர் நம்புகிற மூக்கு ஒன்றுதான், அது உங்களுடையது. அப்பா கடை மூக்கு. ஒவ்வொரு தடவையும் உங்களிடம் கேட்டு எழுதினார். உங்கள் கடிதம் வந்தால் முதலில் அந்த வரியைத்தான் தேடுவார். இல்லை என்றதும் மடித்து வைத்துவிட்டு, "எலிக்கு வேலை ஜாஸ்தி" என்பார். சாவி யாரிடம், கடிகாரம் எதற்கு என்று பக்கம் பக்கமாக எழுதிய உங்களுக்கு அந்த ஒரு வரி எழுத முடியவில்லையா?

கல்யாணத்துக்கு நாங்கள்தான் செய்கிறோம். வேறு இடத்தில் சொல்லியிருந்தால் ரத்து செய்துவிடுங்கள்.

தையல்காரி


நவம்பர் 18

அன்புள்ள அண்ணாவுக்கு,

நீ ஊர் போய்ச் சேர்ந்த களைப்பு தீர்ந்ததா? இங்கே கல்யாணக் களைப்பில் ஆளுக்கொரு மூலையில் கிடக்கிறோம். பெண்ணும் மாப்பிள்ளையும் போன் பண்ணினார்கள், சந்தோஷமாக இருக்கிறார்கள்.

நீ இங்கே இருந்தபோது ஒன்றைச் சொல்ல நினைத்து மென்று விழுங்கினேன். ஆகஸ்டில் நீ கேட்டாயே, ஏதாவது எழுதினாயா என்று. எழுதினேன். உன் பதில் வராத கோபத்தில் அக்காவுக்கு ஒரு கேவலமான கடிதம் எழுதினேன். அதனால்தான் சாவியை வைத்துவிட்டுப் போனார். உன்னைத் தனியாக அந்த அடுப்பு முன்னால் நிறுத்தியவள் நான். அந்த நாட்களில் நீ எத்தனை தீக்குச்சி கிழித்திருப்பாய் என்று இப்போதும் எண்ணிப் பார்க்கிறேன். அவர் இதை உன்னிடம் சொல்லவில்லை என்பதற்காகவே நான் சொல்கிறேன். திட்டுவதானால் திட்டு.

சம்பந்தியம்மா தட்டைக் கண்டதும் ஓரடி பின்னால் நகர்ந்ததை நீயும் பார்த்தாய். பிறகு நடந்ததை நீ பார்க்கவில்லை. எல்லோரும் தின்பதைப் பார்த்து மெல்ல ஒன்று எடுத்தார். பிறகு இன்னொன்று. மூன்றாவதைக் கைக்குட்டையில் சுற்றிப் பைக்குள் வைத்தார், வீட்டில் போய்ச் சாப்பிட. "அதே கடையா?" என்று என்னைக் கேட்டார். "அதே கடைதான், இப்ப ரெண்டு பேர் கை" என்றேன்.

இனி நீ கேட்டதற்குப் பதில். மார்ச்சில் கேட்டாய், ஜூனில் கேட்டாய், ஆகஸ்டில் கேட்டாய். கல்யாணத்தன்று காலையில் நீ எழுந்திருப்பதற்கு முன்பு, யாரையும் பக்கத்தில் விடாமல், பெட்டியை நானே திறந்தேன். கண்ணை மூடிக்கொண்டு மூக்கை வைத்தேன்.

முதலில் அட்டை வாசனை, அது போகட்டும். உடனே வெண்ணெய், காய்ச்சி இறக்கினது மாதிரி சூடான வாசனை. அதற்கு அடியில் வறுத்த கடலை, சரியாகக் கதவைத் திறக்க வேண்டிய இடத்தில், ஒரு மூச்சு முன்னாலும் இல்லை பின்னாலும் இல்லை. சாக்லேட் கடைசியாக வந்தது, ஒன்றைப் பிட்ட பிறகு, கொஞ்சம் கசப்பாக. டின்னைத் திருடித் திறந்தால் வருமே, அதே வாசனை. நான் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

நன்றாக இருந்தது அண்ணா. பொய் இல்லை. நம் அப்பா கடை வாசனைதான் வந்தது.

அடுத்த பெட்டி எப்போது வரும்? இனி ஒவ்வொன்றுக்கும் எழுதுகிறேன். அக்காவிடம் என் அன்பைச் சொல்.

எலி